வேப் லிக்விடை வீட்டிலேயே கலப்பது எப்படி? வாரக்கணக்கில் ஊற வைத்தால்தான் ருசி வருமா?

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. 2017-லிருந்து நாலு வருஷம் இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறியது அங்கேதான். கடைப் பாட்டில் விலை கட்டுப்படியாகாமல் அறையிலேயே கலக்க ஆரம்பித்ததும் அங்கேதான். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது. இங்கே கதை வேறு, அதற்கும் வருகிறேன்.

ஊறுவது நிஜம். நார்த்தங்காய் ஊறுகாயைப் போட்ட அன்றே எடுத்துக் கடித்தால் உப்பு தனியாக, கசப்பு தனியாக நிற்கும். வேப் திரவமும் அப்படித்தான். விஜி, பிஜி, வாசனைச் சரக்கு, நிகோடின், இவற்றைக் கலந்ததுதான் அது. விஜி எனப்படும் வெஜிடபிள் கிளிசரின் பாகு மாதிரி கெட்டி. பிஜி, அதாவது புரொப்பிலின் கிளைக்கால், அதைவிட நீர்த்தது. வாசனைச் சரக்கு பெரும்பாலும் பிஜியில் கரைந்துதான் வரும். அது கெட்டியான விஜி முழுக்கச் சமமாகப் பரவ நேரம் எடுக்கும். சில வாசனைகளில் சாராய நெடி இருக்கும், அது அடங்கவும் சில நாள் ஆகும். நிகோடின் காற்றுப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகும், வனிலா இருந்தால் இன்னும் கறுக்கும். நிறம் மாறினால் ஊறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நிறத்துக்கும் ருசிக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை.

எல்லாவற்றையும் ஊற வைக்கவும் வேண்டாம். மாம்பழம், எலுமிச்சை மாதிரிப் பழ வாசனைகள் இரண்டு மூன்று நாளில் தயார். கஸ்டர்டு, வனிலா வகைகளுக்கு மூன்று நாலு வாரம். இருட்டான அலமாரி, மூடிய பாட்டில், தினம் ஒரு குலுக்கு, அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் விஜி இளகிச் சீக்கிரம் கலக்கும். மூடியைத் திறந்தே வைக்கச் சொல்பவர்களும் உண்டு. நான் வைத்துப் பார்த்தேன், நெடியோடு சேர்ந்து வாசனையும் போய்விட்டது.

என் முதல் கஸ்டர்டைக் கலந்த அன்றே இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவசரப்பட்டு வாசனையை இரண்டு மடங்காக்கினேன். மூன்று வாரம் கழித்து இழுத்தால் ஊதுபத்தியைக் கடித்த மாதிரி இருந்தது.

கலப்பதில் கணக்குதான் முக்கியம். இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு விற்கும் நிகோடின் பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் வலிமையும் கூடாது. அதனால் நிகோடின் இல்லாத 50 மில்லி திரவத்தை 60 மில்லி பாட்டிலில் விற்பார்கள். மில்லிக்கு 18 மில்லிகிராம் வலிமையுள்ள 10 மில்லி நிகோடினை அதில் ஊற்றினால் மொத்தம் 180 மில்லிகிராம். 60-ஆல் வகுத்தால் மில்லிக்கு 3. நானே எல்லாம் கலக்கும்போது சிரிஞ்சை விட்டுத் தராசுக்கு மாறினேன். விஜி சிரிஞ்சில் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஒரு மில்லி விஜி சுமார் 1.26 கிராம், பிஜி 1.04 கிராம் என்று நினைவில் வைத்து ஊற்றினால் போதும்.

ஒரு ராத்திரி பேச்சு சுவாரசியத்தில் நிகோடினை இரண்டு தடவை ஊற்றிவிட்டேன். மறுநாள் அது தெரியாமல் வழக்கம் போல இழுத்துக்கொண்டே இருந்தேன். வியர்த்து, குமட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்ன வயதில் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் புகையிலையைத் திருடி மென்ற அன்று இருந்த அதே தலைசுற்றல். அப்புறம் ஒவ்வொன்றையும் ஊற்றியவுடனே எழுதி பாட்டிலில் ஒட்டிவிடுவேன். கையுறை இல்லாமல் நிகோடினைத் தொட்டதும் இல்லை. அது தோல் வழியாகவும் ஏறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பாட்டிலே இருக்கக் கூடாது என்பேன்.

சரி, நம்ம ஊர். 2019-ல் வந்த மத்தியச் சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் பாகங்களுக்கும் சேர்த்துத்தான் தடை, திரவமும் அதில் மாட்டக்கூடும். அதனால் இங்கே இருந்துகொண்டு செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் சரக்கின் மேல். தஞ்சாவூரில் இருக்கும் அத்தை மகன் ஒரு நாள் போனில், "அத்தான், கிளிசரின் மருந்துக்கடையில கிடைக்குது. கிராம்புத் தைலமும் ரோஸ் எசன்ஸும் வீட்லயே இருக்கு. போதாதா?" என்றான். போதாது. எண்ணெய் எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது. அமெரிக்காவில் 2019-ல் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு, 2020 தொடக்கத்துக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துத் திரவங்கள். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலும் அப்படித்தான். சாப்பிட ஒன்றும் செய்யாது, சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் என்று பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் மூலம் தெரியவந்தது. பிரிட்டனில் வேப் திரவத்தில் அதற்குத் தடை.

கிளிசரினும் பிஜியுமே சுத்தமாக வரும் என்று சொல்ல முடியாது. 2022-ல் காம்பியாவில் குழந்தைகள் இறந்த இருமல் மருந்தில் டைஎத்திலின் கிளைக்கால் இருந்தது. அந்த விஷம் மருந்துக்குள் நுழையும் வழக்கமான வழியே இந்த இரண்டும்தான். சோதனைச் சான்று இல்லாத பாட்டிலை வாங்கி வந்து நுரையீரலுக்குள் இழுப்பானேன்?

கலக்கத் தெரிந்ததில் எனக்கு ஒரு லாபம், நிகோடினை நானே 3, 1.5, பூஜ்யம் என்று குறைத்துக்கொண்டு வந்து கடைசியில் விட்டுவிட்டேன். ஊருக்குக் கிளம்பும்போது பாட்டில்களை அங்கேயே ஒழித்துக்கட்டினேன். தராசு மட்டும் பெட்டியில் வந்தது. கடையிலிருந்து ஏலக்காய் வந்தால் அம்மா அதில்தான் நிறுத்துப் பார்க்கிறார்.