கடன் அடையும் வரை ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது?

குடும்பக் கடனை அடைத்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே செலவில்லாமல் குடும்பத்தோடு பொழுதைக் கழிப்பது பற்றி வந்த கடிதங்களில் மூன்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாத வருமானம் 46,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் நிலுவை, தனிநபர் கடனில் இன்னும் இரண்டரை லட்சம், வங்கியில் நகைக்கடன் 1,20,000 ரூபாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வணிக வளாகம், சினிமா, ஹோட்டல் என்று போய்வருவதற்கு மாதம் 6,000 ரூபாய் ஆகிவந்தது. போன மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். 11 வயது மகளும் 7 வயது மகனும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவர் ஞாயிறு முழுவதும் கைபேசியும் கையுமாக இருக்கிறார். கடன் அடையும் வரை இப்படித்தான் இருக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: வெளியே போவதை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்தினீர்களா என்பது கடிதத்தில் இல்லை. முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். கார்டு நிலுவைக்குப் பல வங்கிகள் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகின்றன. ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை ரூபாய் வட்டி. தெருவில் ஒருவர் அந்த வட்டிக்குக் கடன் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவோம். அந்தக் கணக்கில் 60,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,100 ரூபாய், அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 378 ரூபாய், ஆக மொத்தம் 2,478 ரூபாய் ஆகிறது. பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருப்பது 5 சதவீதமாக இருந்து, அந்த 3,000 ரூபாயை மட்டும் கட்டிவந்தால், அசலில் கழிவது 522 ரூபாய்தான். நிலுவை இருக்கும்போது அதே கார்டில் புதிதாக ஒரு பொருள் வாங்கினால், வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லா நாட்களும் கிடைக்காமல், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

வெளியே போகச் செலவிட்டுவந்த 6,000 ரூபாயில் 5,000 ரூபாயை இந்த 3,000 ரூபாயோடு சேர்த்து மாதம் 8,000 ரூபாயாகக் கட்டினால், கார்டு நிலுவை பத்தாவது மாதத்தில் முழுவதும் தீர்ந்துவிடும். உங்கள் பில்லில் வட்டி விகிதம் வேறாக இருந்தால் கணக்கு ஒரு மாதம் முன்பின்னாகலாம். அதுவரை தனிநபர் கடனுக்கு மாதத் தவணையையும் நகைக்கடனுக்கு வட்டியையும் தவறாமல் கட்டிவந்தால் போதும். வங்கி நகைக்கடனின் வட்டி பெரும்பாலும் ஒரு ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால் அதை அடைக்க அவசரப்பட வேண்டியதில்லை. கார்டு முடிந்த பிறகு அந்த 8,000 ரூபாயைத் தனிநபர் கடனுக்குத் திருப்புவதற்கு முன்னால், இடையில் கூடுதலாகக் கட்டுவதற்குக் கட்டணம் பிடிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிலையான வட்டியில் தரப்படும் கடன்களில் அப்படிப் பிடிப்பது வழக்கம்.

மீதமுள்ள 1,000 ரூபாய் உங்கள் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கானது. அதையும் கடனில் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்றே சொல்வேன். பிள்ளைகளைப் பத்து மாதம் வீட்டுக்குள் வைத்திருந்தால், ஏதோ ஒரு பிறந்தநாளிலோ தேர்வு முடிந்த நாளிலோ எல்லோரும் சேர்ந்து அந்தக் கட்டுப்பாட்டை உடைப்பீர்கள். அன்று கைக்குக் கிடைப்பது அந்தக் கார்டாகவே இருக்கும்.

மதுரையில் இருந்துகொண்டு பொழுதுபோக்குக்குப் பணம் கொடுப்பது எனக்குக் கொஞ்சம் வியப்பாகவே இருக்கிறது. நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை, வெயில் நாளில் அரை நாளை அங்கேயே கழித்துவிடலாம். தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையில் அமைந்துள்ள காந்தி அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் கிடையாது. சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த துணியை அங்கே பார்த்துவிட்டு, அவர் அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதிக்கு இன்னொரு ஞாயிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று நடந்ததைப் பாடநூலில் ஒரு வரியாகப் படித்திருக்கும் மகளுக்கு, அந்த வீதி தினமும் பேருந்தில் கடக்கும் வீதிதான் என்பது புதிய செய்தியாக இருக்கும்.

அதிகாலையில் எழுந்துவிடக்கூடிய குடும்பமாக இருந்தால் கீழக்குயில்குடி சமணர் மலையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவுக் குகையில் தீர்த்தங்கரரின் பெரிய புடைப்புச் சிற்பம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இவற்றைப் பார்க்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மாலை நேரமென்றால் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள தின்பண்டக் கடைகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியது என் கடமை. இலவச இடங்களில் பணம் போவது அந்த வழியில்தான். வீட்டிலிருந்து புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பண்டம் மட்டும் அங்கே வாங்குவது என்று கிளம்பும்போதே பேசிக்கொண்டால் 1,000 ரூபாய் மாதம் முழுவதற்கும் வரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் உங்களுக்கும் மகளுக்கும் பயணச் செலவு கிடையாது. கணவருக்கும் மகனுக்கும் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

கணவரின் மௌனத்துக்குப் பணம் மட்டும் காரணமாக இருக்காது. கடிதத்தில் "நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள், "நிறுத்திவிட்டோம்" என்று எழுதவில்லை. இந்த வாரம் நான்கு பேரும் உட்கார்ந்து, மாதத்தின் நான்கு ஞாயிறுகளில் ஆளுக்கு ஒன்றைத் தேர்வு செய்யும் உரிமையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏழு வயது மகன் நான்கு முறையும் தெப்பக்குளம்தான் என்று சொல்லக்கூடும். அவனுடைய ஞாயிற்றில் அதற்கு மறுப்புச் சொல்லாதீர்கள். கார்டு நிலுவையின் தொகையை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். 11 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கழித்தல் கணக்கு நன்றாகவே வரும். மாதாமாதம் குறையும் எண்ணை நாட்காட்டியில் எழுதும் வேலையை அவளிடமே கொடுத்துவிடலாம்.

கேள்வி: வீட்டுக் கடனும் நகைக்கடனும் கட்டிவருகிறோம். கோடை விடுமுறையில் என் மகனின் வகுப்புத் தோழர்கள் நீச்சல், ரோபாட்டிக்ஸ் என்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் போகிறார்கள். "நாம ஏழையாப்பா?" என்று கேட்கிறான். அவனுக்கு வயது 9. என்ன சொல்வது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை என்று சொல்லுங்கள், நம் வீட்டுக்காக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அது முடிகிற வரை சில செலவுகள் கிடையாது என்பதை அப்படியே சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு அது புரியும். பணமே இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் கைபேசி ரீசார்ஜ் செய்வதைத்தான் பிள்ளைகளால் புரிந்துகொள்ள முடியாது.

தமிழ்நாடு ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் போன்றவற்றை மிகக் குறைந்த கட்டணத்தில் கற்றுத்தருகிறது. உங்கள் மாவட்டத்து மன்றத்தில் கோடைப் பயிற்சியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதற்குமேல், தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்தால் சனிக்கிழமைகளை முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் சதுரங்கம், ஒரு வீட்டில் தையல், ஒரு வீட்டில் சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வது என்று. பயிற்சி முகாமில் கிடைக்கும் சான்றிதழ் இதில் கிடைக்காது என்பதில் எனக்கு வருத்தமில்லை.

ஊரில் பெரிய கோயில் இருக்கிறது. பார்த்ததுதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கல்வெட்டுகளைத் தேடிப் போவது வேறு வகைப் பயணம். மாலையில் கல் சூடு தணிந்த பிறகு விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி நடந்து, அந்த எழுத்துகளில் இன்றைய தமிழ் எழுத்துகளை அடையாளம் காணும் போட்டியை மகனோடு வையுங்கள். ட, ப போன்றவை விரைவில் பிடிபட்டுவிடும். முதலாம் இராசராசன் தானும் தன் அக்காளும் மற்றவர்களும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன கோயில் அது. கோயிலில் ஆடிப்பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும், அவர்கள் எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் அங்கே இருக்கின்றன. கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்த விவரமும் உண்டு: காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம். முன் கேள்வியில் வந்த கார்டு வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம் என்பதை அந்தக் கல்லின் முன்னால் நின்று யோசித்துப் பார்க்கலாம். கடன் என்பது ஊர்ச் சபையே வாங்கிக் கணக்காகக் கட்டிய ஒன்று என்று மகனுக்குச் சொல்லவும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பேருந்துச் செலவு மட்டுமே. கட்டணம் உள்ள மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களிலும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம் என்பதை, வெளியூரில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவதுதான் எங்களுக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு. இரண்டு தவணை தவறியதால் வசூல் முகவர் அந்த நேரம் பார்த்து அழைக்கிறார். பிள்ளைகள் முன்னால் குரலை உயர்த்திப் பேசுகிறார். நான் என்ன செய்வது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கடனாளியை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது, மிரட்டுவதும் அவமானப்படுத்துவதும் எந்த நேரத்திலும் கூடாது. ஏழு மணிக்கு முன்னால் வரும் அழைப்பையும் கடற்கரையில் வைத்து எடுத்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதே சமயம் நாள் கணக்கில் பதில் பேசாமல் இருப்பதும் உங்களுக்கு நல்லதல்ல. தவறிய தவணைகளை எப்போது, எவ்வளவாகக் கட்ட முடியும் என்பதையும், வார நாளில் எந்த நேரத்தில் அழைத்தால் பேசுவீர்கள் என்பதையும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். முகவர் அழைத்த நாள், நேரம், பேசிய சொற்கள் ஆகியவற்றைக் குறித்து அதே நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழிமுறையை 14448 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.