கறுப்பினக் கிராமங்களில் தலைவர்கள் எப்படி உருவானார்கள்?

மார்ட்டின் லூதர் கிங் மாதிரி ஒரு பெரிய தலைவர் வந்து எழுப்பாமல், அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் கிராமங்களில் தலைவர்கள் உருவாகியிருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உருவானார்கள். தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவைப் பாருங்கள்.

ஈசா ஜென்கின்ஸ் அந்தத் தீவின் விவசாயி. சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பஸ்ஸில் ஏற்றிச் செல்வார். அந்தக் காலத்தில் அந்த மாநிலத்தில் சொத்தில்லாதவர்கள் அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினால்தான் வாக்காளராகப் பதிய முடிந்தது. பயணிகளில் ஒருவரான ஆலிஸ் வைன், ஓட்டுப் போட வேண்டும், படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். பஸ்ஸிலேயே பாடம் தொடங்கியது. 1954இல் ஜென்கின்ஸ் சமூகப் போராட்டங்களுக்கு ஆட்களைப் பயிற்றுவித்த டென்னசியின் ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், தீவின் பெரியவர்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார்.

ஆசிரியராக யாரைப் போடுவது? இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹைலேண்டரில் இருந்த செப்டிமா கிளார்க் தன் உறவுக்காரப் பெண் பெர்னீஸ் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார். ராபின்சன் சார்ல்ஸ்டனில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவர். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாதே என்றார். ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியாலும் அவர் பிழைப்பில் கை வைக்க முடியாது. கிளார்க்குக்கு இதன் அருமை தெரியும். கறுப்பின உரிமைச் சங்க உறுப்பினர் பதவியை விட மறுத்ததற்காக, 1956இல் அவருடைய ஆசிரியர் வேலையே போயிருந்தது.

1957 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. முன்னால் கூட்டுறவு மளிகைக் கடை, பின்னறையில் 14 மாணவர்கள். ராபின்சன் கொண்டுபோன சின்னப் பிள்ளைகளின் புத்தகங்கள் வளர்ந்தவர்களுக்குச் சரிப்படாது என்று உடனே தெரிந்துவிட்டது. எடுத்து வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பெயர் எழுத வேண்டும், பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அவ்வளவுதான். அட்டையில் எழுதிய பெயரின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிப் பழகினார்கள். ஏர் பிடித்துப் பழகிய கை அழுத்துகிற அழுத்தத்தில் பென்சில் முறியும். அடுத்த பென்சில் வரும்.

இதே மாதிரிப் பள்ளிகள் மற்ற ஊர்களுக்கும் பரவின. 1961இல் கிங்கின் அமைப்பு அவற்றை ஏற்று நடத்தத் தொடங்கியது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் பயிற்சி பெற்றவர்கள் ஊருக்குத் திரும்பி வகுப்பு நடத்தினார்கள். ஓட்டுரிமைக்கு ஆள் திரட்டினார்கள். மிசிசிப்பியில் பருத்தித் தோட்ட வேலை பார்த்த ஃபேனி லூ ஹேமரும் இந்தப் பள்ளிகளில் பயிற்சி பெற்றவர். 1963இல் ஒரு பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் வினோனா சிறையில் கடுமையாக அடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே, ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதை நாடறியச் சொன்னார்.

எல்லா ஊர்வலங்களையும் நீங்களே நடத்தாதீர்கள், அந்தந்த ஊரில் நடத்தக்கூடியவர்களை உருவாக்குங்கள் என்று கிளார்க் கிங்குக்கே ஒரு கடிதம் எழுதினார். கிங் அதை அலுவலகத்தில் படித்துக்காட்ட, எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று பின்னாளில் கிளார்க்கே சொல்லியிருக்கிறார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. ஜான்ஸ் தீவில் செய்து காட்டியதைத்தான் அந்த அம்மா சொன்னார்.