சம்பளத்தில் வரி சரியாகத்தான் வெட்டுகிறார்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த கேள்விகளில் அதிகமானவை இலங்கையில் சம்பளத்தில் வெட்டும் வரி பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். இந்த வெட்டுக்குப் பெயர் முற்பணத் தனிநபர் வருமான வரி, பே ஷீட்டில் ஏ.பி.ஐ.ரி. என்று இருக்கும். 2020 இல் வந்தபோது விரும்பியவர்கள் மட்டும் வெட்டச் சொல்லலாம் என்றிருந்தது, 2023 ஜனவரி முதல் கட்டாயம். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி போட்டவை.

கேள்வி: தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் 220,000 ரூபா. சனி, ஞாயிறில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் படிப்பிக்கிறேன். அவர்களும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டி மாதம் 80,000 தருகிறார்கள். முதல் இடத்தில் வரியாக 4,200 வெட்டுகிறார்கள். இரண்டாவது இடத்தில் எதுவும் வெட்டுவதில்லை, ஒன்றரை இலட்சத்துக்குக் குறைவு, தேவையில்லை என்கிறார்கள். சரிதானா? (கோண்டாவில் வாசகர்)

பதில்: சரியில்லை. உங்களுக்கு வரும் பற்றாக்குறை சின்னத் தொகையும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் இடத்துக் கணக்கில் பிழையில்லை. மாதம் 150,000 வரை வரி இல்லை, மிச்சம் 70,000, அதற்கு 6 வீதம் 4,200. ஆனால் அந்த ஒன்றரை இலட்சம் விலக்கு ஆளுக்குத்தான், வேலை செய்யும் இடத்துக்கு இடம் தனித்தனியாகக் கிடையாது. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபா விலக்கு, அதை முதல் வேலையிலேயே நீங்கள் முழுதாகப் பயன்படுத்திவிட்டீர்கள். ஆகவே படிப்பிக்கும் 80,000 க்கு முதல் ரூபாவிலிருந்தே வரி உண்டு, அதுவும் 6 வீதத்தில் நிற்காது.

ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இரண்டு இடமும் சேர்ந்து 3,600,000. விலக்குப் போக 1,800,000. அதில் முதல் 1,000,000 க்கு 6 வீதம், 60,000. அடுத்த 500,000 க்கு 18 வீதம், 90,000. மிச்சம் 300,000 க்கு 24 வீதம், 72,000. மொத்தம் 222,000 ரூபா. (உங்களுக்கு அதற்குமேல் போகவில்லை. போகிறவர்களுக்கு அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 30 வீதம், அதன்பிறகு வருவதெல்லாம் 36 வீதம்.) உங்கள் நிறுவனம் ஆண்டு முழுக்க வெட்டுவது 50,400 தான். 171,600 ரூபா குறைகிறது, இரண்டாவது இடத்தில் நீங்கள் இரண்டு மாதம் உழைக்கும் காசை விட அதிகம். 6 வீதத்திலிருந்து ஒரேயடியாக 18 க்குப் பாய்வதுதான் இங்கே பலரை விழுத்துகிறது, “கூடுதலாக வந்தால் கூடுதலாக ஆறு வீதம்தானே” என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். எது உங்கள் முதன்மைத் தொழில் என்று எழுத்தில் ஒரு பிரகடனம் கொடுக்க வேண்டும், அதை ஒரு இடத்தில் மட்டும்தான் கொடுக்கலாம். சம்பளம் கூடிய இடத்தில் கொடுங்கள். இரண்டாவது இடத்துக்கு, “எனக்கு வேறிடத்தில் முதன்மைத் தொழில் இருக்கிறது, இங்கே இரண்டாம் தொழிலுக்கான முறையில் வெட்டுங்கள்” என்று கடிதம் எழுதி, பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னால் கணக்குப் பிரிவில் ஆள் மாறும்போது அது மறந்து போகும்.

இதுவரை வெட்டாமல் விட்ட மாதங்களுக்கு நீங்களே கட்ட வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 இலிருந்து மார்ச் 31 வரை. காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. கடைசி மிச்சத்தைக் கட்ட செப்டெம்பர் 30, வரி விபரத்திரட்டு (ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவம்) கொடுக்க நவம்பர் 30. பிந்தினால் மாதத்துக்கு 1.5 வீதம் வட்டி ஏறும். தவணைத் திகதி வரை பார்த்துக்கொண்டிருக்காமல், இந்த மாதச் சம்பளத்திலிருந்தே 14,300 ரூபாவை வேறு கணக்கில் போடத் தொடங்குங்கள். 171,600 ஐ 12 ஆல் பிரித்தால் அதுதான் வரும்.

கேள்வி: சம்பளம் 170,000. ஈ.பி.எஃப். 8 வீதம் போனால் 156,400. வரி 1,200 வெட்டியிருக்கிறார்கள். 6,400 க்குத்தானே வரி வர வேண்டும்? (மானிப்பாய் வாசகி)

பதில்: இல்லை, அவர்கள் வெட்டியது சரி. வரி கணக்கிடுவது ஈ.பி.எஃப். கழிக்க முன்னர் உள்ள மொத்தச் சம்பளத்தில். 170,000 இல் 150,000 போக 20,000, அதற்கு 6 வீதம் 1,200. லோன் தவணை, நலன்புரிச் சங்கக் காசு, எதைக் கழித்தாலும் வரிக் கணக்கு குறையாது. மறுபக்கம், உங்கள் பேரில் முதலாளி போடும் 12 வீதம் ஈ.பி.எஃப். உங்கள் மாத வருமானத்தோடு கூட்டப்படுவதில்லை. ஓவர்டைம், கொமிஷன் எல்லாம் கூட்டப்படும், ஆகவே அவை கூடிய மாதங்களில் வரியும் கூடும்.

கேள்வி: மாதம் 160,000 சம்பளத்தில் 600 ரூபாதான் வரி. புத்தாண்டு போனஸாக 160,000 தந்தபோது 9,600 வெட்டிவிட்டார்கள். கேட்டால் “சிஸ்டம் அப்படித்தான்” என்கிறார்கள். (சாவகச்சேரி வாசகர்)

பதில்: தொகை சரி, பதில்தான் சரியில்லை. கணக்கைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த மனக்கவலை இருந்திருக்காது. சம்பளம் ஆண்டுக்கு 1,920,000. விலக்கான 1,800,000 ஐ அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. எனவே போனஸில் விலக்குக்கு இடமில்லை, 160,000 முழுவதற்கும் 6 வீதம், 9,600. மொத்தமாக வரும் காசுக்கு இப்படி ஆண்டுக் கணக்கைப் பார்த்து வெட்டும்படி நிறுவனங்களுக்குத் தனி அட்டவணையே இருக்கிறது. உண்மையில் உங்கள் நிறுவனம் நல்லது செய்திருக்கிறது. போனஸில் வெட்டாமல் விட்டிருந்தால் அடுத்த செப்டெம்பரில் அந்தக் காசை நீங்கள் கையிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: மகனுக்கு முதல் வேலை ஒக்டோபரில் கிடைத்தது, சம்பளம் 200,000. மாதம் 3,000 வெட்டுகிறார்கள். அரை ஆண்டுதானே வேலை, அப்படி வெட்டலாமா? (நல்லூர் வாசகி)

பதில்: மாத அட்டவணைப்படி அது சரி, ஆண்டுக் கணக்கில் கூடிவிட்டது. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதச் சம்பளம் 1,200,000. வேறு வருமானம் இல்லையென்றால் அது 1,800,000 ஐ எட்டவே இல்லை, அந்த ஆண்டுக்கு வரி பூச்சியம். வெட்டிய 18,000 உம் மகனுடைய காசு. மார்ச் முடிந்ததும் நிறுவனத்திடம் ஆண்டில் வெட்டிய வரியைக் காட்டும் ரி-10 சான்றிதழை வாங்கி, விபரத்திரட்டு போட்டு மீளளிப்புக் கோரச் சொல்லுங்கள். பலர் “போனால் போகட்டும்” என்று விடுகிறார்கள், விடாதீர்கள், முதல் வேலைக்காரப் பிள்ளைக்கு 18,000 பெரிய காசு. நடு ஆண்டில் வேலை மாறுகிறவர்களும் பழைய இடத்து விவரத்தைப் புது இடத்தில் கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி: சம்பளத்தில் வெட்டுகிறார்கள், அது திணைக்களத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெயரோ ஊரோ எழுதாத வாசகர், ஆனால் மிக முக்கியமான கேள்வி. ஒரு மாதம் வெட்டியதை அடுத்த மாதம் 15 ஆந் திகதிக்குள் நிறுவனம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். உங்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை, அதாவது ரின் இலக்கத்தை, நிறுவனத்துக்குக் கொடுத்தீர்களா, கொடுத்த இலக்கத்தில் எழுத்துப் பிழை இல்லையா என்று முதலில் பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் உங்கள் காசு உங்கள் பேரில் பதிவாகாமல் போகலாம். பன்னிரண்டு மாதப் பே ஷீட்டுகளையும் கூட்டி ரி-10 இல் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கு இரண்டையும் கொண்டு போங்கள், அல்லது 1944 க்கு அழையுங்கள். சம்பளத்தை வெறும் கையெழுத்துக்குக் கொடுத்து பே ஷீட் தராத இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் வரியைப் பற்றிக் கேட்க முன்னர் பே ஷீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: சம்பளம் 260,000, வரி ஒழுங்காக வெட்டுகிறார்கள். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய காசை என் பேரில் எஃப்.டி. (நிலையான வைப்பு) போட்டிருக்கிறேன், ஆண்டு வட்டி 240,000. வங்கி 10 வீதம் வெட்டிவிட்டது. அதோடு முடிந்ததுதானே? அம்மாவுக்கும் ஒரு எஃப்.டி. இருக்கிறது, அவவுக்கு வேறு வருமானம் இல்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முடியவில்லை. அண்ணா வீட்டுக்கு அனுப்பும் காசு உங்கள் உழைப்பு வருமானம் இல்லை, ஆனால் அதை உங்கள் பேரில் வைப்பில் போட்டால் வரும் வட்டி உங்கள் வருமானம். வங்கி வெட்டும் 10 வீதம் முற்பணம் மட்டுமே. உங்கள் சம்பளமே ஏற்கெனவே 18 வீதப் படியில் நிற்கிறது. வட்டியில் 180,000 அந்தப் படியிலும் மிச்சம் 60,000 ரூபா 24 வீதப் படியிலும் விழும். 32,400 உம் 14,400 உம் சேர்த்தால் 46,800, வங்கி வெட்டியது 24,000, ஆகவே 22,800 நீங்கள் கட்ட வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு இந்த வட்டி பற்றி எதுவும் தெரியாது. சம்பளத்தில் ஒழுங்காக வெட்டுகிறார்கள் என்பதும் உங்கள் வரி முழுதாகக் கட்டப்பட்டது என்பதும் வேறு வேறு.

அம்மாவின் கதை எதிர்மாறு. அவவின் ஆண்டு வருமானம் 1,800,000 க்குக் குறைவு என்றால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து வெட்டாமல் செய்யலாம். ரின் இலக்கம் தேவைப்படும். படிவத்தை ஒருமுறை கொடுத்துவிட்டு இருந்துவிடாமல் புது மதிப்பீட்டு ஆண்டு தொடங்கும்போது வங்கியில் கேளுங்கள். ஏற்கெனவே வெட்டியதை விபரத்திரட்டு போட்டுத் திரும்பக் கேட்கலாம். வயதானவர்களின் மருந்துச் செலவு இந்த வட்டியில்தான் ஓடுகிறது, பிள்ளைகள் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி இதைச் செய்து கொடுங்கள்.

கேள்வி: விபரத்திரட்டு போட்டுத் தருவதாக ஒருவர் கட்டணம் கேட்கிறார். ரின், கடவுச்சொல், கட்ட வேண்டிய வரிக் காசு எல்லாம் தன்னிடம் தரச் சொல்கிறார். நம்பலாமா? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: உதவிக்குக் கட்டணம் கொடுப்பதில் தவறில்லை, இரண்டு மூன்று வருமானம் உள்ளவர்களுக்கு நல்ல கணக்காளர் தேவைதான். சம்பளமும் ஒரு எஃப்.டி.யும் மட்டும் என்றால் ரி-10 உம் வங்கியின் வட்டிச் சான்றிதழும் கையில் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். யாரிடம் கொடுத்தாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே உள்நுழைந்து, உங்கள் முன்னாலேயே அவரைப் போடச் சொல்லுங்கள். வரிக் காசை அவருடைய கணக்குக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். வங்கியில் உங்கள் ரின் இலக்கத்தில் நேரே கட்டி, பற்றுச்சீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். விபரத்திரட்டு சமர்ப்பித்ததற்கான உறுதிப்படுத்தலின் பிரதி கைக்கு வந்த பிறகு கட்டணத்தைக் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் என்றால் வேறொருவரைப் பாருங்கள்.