வருகைக் கட்டத்தை முதலில் பாருங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. பிள்ளைகளிடம் பள்ளி கொடுத்தனுப்பிய பருவ அறிக்கையைப் பற்றித்தான் இம்முறை நிறையக் கடிதங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த தாளில் மதிப்பெண், வருகை, சிறப்பு வகுப்பு, செய்முறைத் தேர்வு, பெயர்ப்பட்டியல் சரிபார்ப்பு என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது? (ஒரு தாய், பாலக்கோடு)

வருகையைப் பாருங்கம்மா. மதிப்பெண் அப்புறம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு, அறிக்கை கொடுத்த மறுநாள் ஒரு அம்மா வந்தார். மூன்றாவதுக்கு மேல் படிக்காதவர். தாளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் கேழ்வரகு மாவு ஒட்டியிருந்தது. மேசைமேல் விரித்து, வருகைக் கட்டத்தில் விரலை வைத்து, "டீச்சர், இந்தப் பதினோரு நாள் இவன் எங்க போனான்?" என்று கேட்டார். தினமும் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். பையன் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றப் போயிருந்தான். விடிகாலை நாலு மணிக்குப் போனால் கையில் காசு. கணக்கில் அவன் 29 வாங்கியதற்குக் காரணம் மூளை அல்ல, அந்தப் பதினோரு நாள்தான். வடிவியல் முழுக்க அந்த நாட்களில்தான் நடத்தினேன். அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. காய்ச்சல் என்று அவன் எழுதிக்கொண்டு வந்த லீவு லெட்டரை நான் நம்பியிருந்தேன். அதனால் சொல்கிறேன், அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மகனிடம் பேசுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

அடுத்து அறிவியல். நூறில் 35 வந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் குறையாமல் எடுத்து, மொத்தம் 35 வர வேண்டும். செய்முறையில் முழுசாக 25 வாங்கி எழுத்தில் 18 எடுத்தால் கூட்டுத்தொகை 43; ஆனாலும் தேர்ச்சி இல்லை. செய்முறை, பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். அன்றைக்கு மட்டும் எந்தக் கல்யாணம், எந்தத் திருவிழா என்றாலும் பையனைக் கூட்டிப் போகாதீர்கள்.

பெயர்ப்பட்டியல் என்று போட்டிருக்கிறதே, பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல், அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதார் அட்டையோடும் பிறப்புச் சான்றோடும் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது தப்பு இருந்தால் பள்ளியிலேயே சொல்லித் திருத்திவிடலாம். மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்தபிறகு என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை விண்ணப்பம் போக வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கப் போகிற நாள் வரைக்கும் பிறந்த தேதிக்கு எல்லோரும் நீட்டுவது அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான்.

கேள்வி: எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து உள்ளே. சாயங்காலம் ஐந்தரை வரை சிறப்பு வகுப்பு என்று அறிக்கையில் போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு பஸ் இல்லை. நடந்து வந்தால் யானை பயம். மகளை அனுப்பாமல் விட்டால் தப்பா? (ஒரு தகப்பன்)

நீங்கள் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ராகி விளைகிற நேரத்தில் யானைகள் கூட்டமாக இறங்கி வருவதும், தை மாசியிலும் சில கூட்டம் தங்கிவிடுவதும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இருட்டில் ஒரு பெண்பிள்ளையைக் காட்டோரப் பாதையில் நடக்கவிட்டு வாங்குகிற மதிப்பெண் வேண்டாம்.

அதற்காக வகுப்பையே விட்டுவிடாதீர்கள். அந்தப் பாதையில் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மாலை வகுப்பைக் காலை எட்டரைக்கு மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும், நோட்டில் ஏறினால் நிற்கும். தலைமையாசிரியர் கடிதத்தோடு அரசு பஸ் பணிமனைக் கிளை மேலாளரைப் பார்த்து பஸ் நேரத்தைக் கேட்பதும் நடக்கிற காரியம்தான். நாங்கள் ஒருமுறை அப்படிக் கேட்டு, கடைசி பஸ்ஸை இருபது நிமிடம் தள்ளி எடுக்க வைத்தோம்.

காலை வகுப்பு என்றால் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவார்கள். ஒரு டப்பாவில் களியோ இட்லியோ கொடுத்தனுப்புங்கள். பசியில் எந்தக் கணக்கும் ஏறாது.

கேள்வி: எட்டாம் வகுப்பு மகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வு என்று அறிக்கையில் இருக்கிறது. எழுதினால் என்ன கிடைக்கும்? (கிருஷ்ணகிரி)

தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். அதில் ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள். கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் பத்தாவது படிக்கிறேன். பிளஸ் 1-ல் என்ன குரூப் என்று படிவம் கொடுத்து, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். மேல்நிலைப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர். பாட்டி, "பத்தோடு போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்கிறார். அப்பா கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். (அரூர் பக்கம்)

கண்ணு, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பா மறுக்கவில்லை, போடாமல் வைத்திருக்கிறார். அது வேறு. அவரிடம் பேச இன்னும் இடம் இருக்கிறது.

பாட்டிக்குத் தூரம்தான் பயம் என்றால் இதைச் சொல். அரசுப் பள்ளியில் பிளஸ் 1 சேர்ந்தால் சைக்கிள் தருகிறார்கள், பஸ் பாஸ் இலவசம். உன் ஊரிலிருந்து வேறு யார் சேருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள், சேர்ந்து போகலாம். செலவுதான் கவலை என்றால் அப்பாவிடம் சொல்: ஆறிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்துவிட்டுக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்கில் விழும். பத்தோடு நின்றால் அது இல்லை.

கல்யாணப் பேச்சு பெரிதானால் பயந்து பேசாமல் இருக்காதே. 18 வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தை மாதத்தோடு நின்றுபோனாள். விசாரிக்க நான் அவள் வீட்டுக்குப் போனபோது கல்யாணம் முடிந்து பந்தல்காலை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார்கள். ஒரு வாரம் முந்திப் போயிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் உன்னிடம் சீக்கிரம் பேசு என்கிறேன்.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் வரை காத்திருக்காதே. நாளைக்கே வகுப்பாசிரியையிடம் போய், "வீட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் நான் சேருகிறேன் டீச்சர், அப்பாவிடம் ஒருமுறை பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு வா.