பாலிக் கடனே தீரவில்லை, அதற்குள் நியூசிலாந்தா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 1,30,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 42,000. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. போன வருடம் 3 லட்சம் பெர்சனல் லோன் (14%, 3 வருடம்) போட்டு பாலி போய் வந்தோம். வரும் மே மாதம் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கார் எடுத்து ஒரு வாரம் சுற்ற ஆசை. 5 லட்சம் ஆகும். பழைய கடனையும் சேர்த்து 5 வருடத்துக்கு டாப்-அப் (இருக்கும் கடன்மேல் கூடுதல் கடன்) தருவதாக வங்கியே அழைக்கிறது. தவணை 6,000 சொச்சம்தான் கூடும். மார்ச்சில் 90,000 போனஸ் வரும். எடுக்கலாமா? பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே போனால்தானே உண்டு? - மதுரை வாசகி

பதில்: நியூசிலாந்து போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த டாப்-அப்பைத் தொடாதீர்கள்.

தவணை எவ்வளவு கூடும் என்பதை வங்கி சொல்லியிருக்கிறது. எத்தனை மாதம் கூடும் என்பதை நீங்கள் கேட்கவில்லை. 12 தவணை கட்டிய பிறகும் பாலிக் கடனில் சுமார் 2.14 லட்சம் பாக்கி நிற்கும். அதோடு 5 லட்சம் சேர்ந்தால் 7.14 லட்சம். அதே 14 சதவீதத்தில் 5 வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 16,600. மொத்தம் கட்டுவது 10 லட்சத்தைத் தொடும். வட்டி மட்டுமே 2.8 லட்சம். இன்னும் 2 வருடத்தில் தீர வேண்டிய பாலிக் கடனும் இதற்குள் ஒளிந்துகொண்டு 5 வருடம் ஓடும். ஆக, பாலியில் கழித்த சில நாட்களுக்கு மொத்தம் 6 வருடம் பணம் கட்டுவீர்கள். முடியும்போது உங்கள் மகன் மூன்றாம் வகுப்பில் இருப்பான். அதுவரை நீங்கள் சும்மா இருக்கப்போவதும் இல்லை. அடுத்த கோடையில் சுவிட்சர்லாந்து வரும், கூடவே இன்னொரு டாப்-அப்பும் வரும். வருடத்துக்கு ஒரு பயணம், ஒவ்வொன்றுக்கும் பல வருடக் கடன் என்ற இந்தப் பழக்கம்தான் உங்களைக் கடிக்கிறது. ‘இப்போது போங்கள், அப்புறம் கட்டுங்கள்’ ஆப்களும் இதே சரக்குதான், பொட்டலம் வேறு.

பிள்ளைகளின் வயதைச் சொல்கிறீர்கள். 2 வயதுக்குள் என்றால் விமானத்தில் தனி இருக்கை வேண்டாம், அவசரப்படலாம். மகன் அதைத் தாண்டிவிட்டான். அங்கே 7 வயது ஆகும்வரை காரில் குழந்தை சீட் சட்டப்படி கட்டாயம், இப்போது இரண்டு சீட்டுக்கு வாடகை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குயின்ஸ்டவுன் 480 கி.மீ. போல வரும். டெக்காப்போ ஏரியில் ஓர் இரவு, மவுண்ட் குக் அடிவாரத்தில் ஓர் இரவு என்று தங்கிப் போனால் அருமையான பாதைதான். ஆனால் மே மாதம் அங்கே குளிர்காலத்தின் வாசல். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். நேரடி விமானம் இல்லாத ஊருக்கு மாறி மாறிப் போய் இறங்கி, 3 வயதுப் பையனைப் பின் சீட்டில் கட்டிவைத்து மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். யோசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மார்ச் போனஸ் முழுவதையும் பாலிக் கடனில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். 24 மாதம் 13 ஆகச் சுருங்கும். 16,600 கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள்? இப்போதைய தவணை 10,250 போக மீதி 6,350ஐ ஆர்டியில், அதாவது வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், போடுங்கள். கடன் தீர்ந்ததும் 16,600 முழுவதும் ஆர்டிக்கு. அடுத்த இரண்டு போனஸும் சேர்ந்தால் 28 மாதத்தில், ஆர்டி வட்டியைக் கணக்கில் எடுக்காமலே, 5 லட்சம் தாண்டிவிடும். இடையில் யாராவது ‘டிராவல் எஸ்ஐபி’ என்று, மாதாமாதம் பணம் கட்டிப் பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டை நீட்டுவார்கள். இரண்டு வருடத்தில் எடுக்க வேண்டிய பணத்துக்குப் பங்குச்சந்தை இடமில்லை.

அந்த வருடக் காலாண்டு விடுமுறையில் போங்கள். அங்கே வசந்தம் தொடங்கியிருக்கும், மலையுச்சியில் பனியும் மிச்சம் இருக்கும். மகளுக்குச் சீட் கட்டாயமும் இருக்காது. கார் எடுக்கும்போது கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், அதற்கு லிமிட்டில் இடம் விடுங்கள். கார்டு தேய்க்கும் மெஷின் ரூபாயா, நியூசிலாந்து டாலரா என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள்.