ஊடகப் படிப்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியை விட எனக்கு இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளி) அதிகம். தொடர்பாடல் கற்கைநெறி கிடைக்கும் என்று நம்பியிருக்கலாமா? (மூதூர்)

நம்பியிருக்க வேண்டாம், மகள். இடங்கள் நிரம்பிய பிறகு தெரியவருவதுதான் வெட்டுப்புள்ளி. அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை முழுமையாக வாசியுங்கள். சில ஊடகக் கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதன் திகதியைத் தவறவிட்டால் இசட் புள்ளி கைகொடுக்காது.

கேள்வி: வெளி மாவட்டத்துக்கு வீட்டில் அனுப்பமாட்டார்கள். இங்கேயே படிக்க முடியுமா? (கிண்ணியா)

முடியும். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. பாலம் கடந்து, நகரத்தில் பஸ் மாறினால் போய்ச் சேரலாம்.

கேள்வி: ஆவணப்படப் பயிற்சிக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். எந்தக் கமரா நல்லது? ட்ரோனும் வாங்கலாமா? (உப்புவெளி)

தம்பி, கமராவும் ட்ரோனும் கேட்ட நீங்கள் ஒலிவாங்கி பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எனக்கு வரும் மாணவர் படங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வீணாகின்றன. கரைவலை இழுப்பதை அத்தனை அழகாகப் படம் பிடித்து வருகிறார்கள். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு எங்கே என்று தேடினால் காற்றின் இரைச்சல்தான் கேட்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெறும் கைப்பேசியோடு கடற்கரைக்குப் போனால் வேறு என்ன பதிவாகும்? மங்கலான காட்சியைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

கையிலிருக்கும் கைப்பேசியே இப்போதைக்குப் போதும். சட்டையில் குத்தும் ஒலிவாங்கி, அதற்குக் காற்றிரைச்சலைத் தடுக்கும் மயிர் உறை, நல்ல ஹெட்போன் ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். பூச்சியத்தைத் தாண்டிச் சிதைந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. புறப்படுமுன் அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டும்போது அதன் அருமை தெரியும். பதிவு நடக்கும்போதே ஹெட்போனில் கேளுங்கள்; வீட்டுக்கு வந்து கேட்டுப் பயனில்லை.

ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உண்டு. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் உள்ள ஊரில் அனுமதியின்றிப் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம்.

கேள்வி: குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த காணொளி மினுங்குகிறது. (தம்பலகாமம்)

நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போகும்படி கமராவில் செக்கனுக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு செக்கன் (1/50) என்று வையுங்கள்.

கேள்வி: எல்லோரும் யூடியூப் பார்க்கும் காலத்தில் வானொலி படிப்பது வீண்தானே? (நிலாவெளி)

வீண் என்று யார் சொன்னது? கொழும்பில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழகமே காதுகொடுத்தது. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி பல்லாண்டுகள் அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்ததும் உங்கள் திருகோணமலையில்தான். படத்தின் துணையின்றிக் குரலால் மட்டும் ஆளை இருத்திவைக்கப் பழகியவருக்குப் பாட்காஸ்டும் காணொளி விவரணையும் எளிது.

கேள்வி: ஆய்வுக்கு ஒரு தலைப்பு அனுப்புங்கள். அவசரம். (ஊர் பெயர் இல்லை)

அனுப்பமாட்டேன். மீன் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் ஒரு வாரம் போங்கள். அங்கிருப்பவர்கள் செய்தியை எதில் அறிகிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று விசாரியுங்கள். தலைப்பு அங்கே கிடைக்கும். குரலைப் பதியுமுன் அனுமதி கேளுங்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.