பொட்டும் தாலியும் கியூபெக் வகுப்பறையும்

கேள்வி: அன்புள்ள அக்கா, கலியாணம் முடித்து மொன்றியலுக்கு வந்தவள் நான். ஆசிரியர் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் வேலைக்குப் போனால் 21ஆம் இலக்கச் சட்டத்தால் பொட்டும் வைக்க ஏலாது, தாலியும் போட ஏலாது என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். "தாலியைக் கழற்றித்தான் உழைக்க வேணுமெண்டால் அந்த உழைப்பே வேண்டாம்" என்கிறார் மாமி. "ரொறன்ரோவுக்குப் போவம், அங்க இந்தக் கரைச்சல் இல்லை" என்கிறார் இவர். "இது சமயமில்லை, கலாசாரம் எண்டு சொல்லு, விட்டுவிடுவினம்" என்கிறாள் தோழி. யார் சொல்வதைக் கேட்க? — பெயர் வேண்டாம், மொன்றியல்

பதில்: தங்கச்சி, முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மாமியிடம் பிறகு வருவோம்.

2019 ஜூன் 16ஆம் திகதி கியூபெக் மாகாணம் நிறைவேற்றிய இந்தச் சட்டம், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், அதிபர்கள், பொலிஸார், அரச வழக்குரைஞர்கள் போன்றோர் வேலை நேரத்தில் மதச் சின்னம் அணிவதைத் தடுக்கிறது. பொட்டு, தாலி என்று அதில் பட்டியல் எதுவும் இல்லை. ஹிஜாப், தலைப்பாகை, சிலுவை என்றும் இல்லை. இருப்பது இரண்டு அளவுகோல்கள். மத நம்பிக்கையின் பேரில் நீங்கள் அணிவது எதுவும் சின்னம். உங்கள் மனதில் என்ன இருந்தாலும், பார்க்கிறவர் நியாயமாக ஒரு மதத்தோடு சேர்த்துப் பார்க்கக்கூடியதும் சின்னம். உடுப்பு, நகை, தலையணி எல்லாம் அடக்கம். 2013இல் அப்போதைய கியூபெக் முதல்வர் போலின் மருவாவின் அரசு கொண்டுவரப் பார்த்த விழுமியச் சாசனம் கண்ணைப் பறிக்கும் பெரிய சின்னங்களைத்தான் குறிவைத்தது. சின்னஞ்சிறு நகைகள் தப்பியிருக்கும். இந்தச் சட்டத்தில் அந்த இளக்கம் கிடையாது. சட்டைக்குள் விட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால், நடைமுறையில் யாரும் பார்க்காமல் போகலாம், ஆனால் சட்டம் "வெளியே தெரிந்தால் மட்டும்" என்று எங்கும் சொல்லவில்லை.

இனி உங்கள் நகையை எடுத்துப் பாருங்கள். எங்கள் தாலிகளில் பலவற்றில் பிள்ளையாரோ அம்மனோ இருக்கும். கத்தோலிக்கத் தமிழரின் தாலியில் பைபிளோ புறாவோ இருக்கும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் இரண்டாவது அளவுகோலில் மாட்டிக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். உருவம் எதுவும் இல்லாத மெல்லிய சங்கிலி என்றால், அது கலியாண மோதிரத்தைப் போலத்தான் என்று வாதாட நல்ல இடமுண்டு. பொட்டும் அப்படித்தான்: சேலைக்குப் பொருத்தமாக ஒட்டும் ஸ்டிக்கர் பொட்டு வேறு, கோயிலுக்குப் போய் வைத்துக்கொண்டு வரும் குங்குமமும் திருநீறும் வேறு. சட்டம் எழுதியவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு கடைசியில் ஒரு பள்ளி நிர்வாகியின் தலையில் விழுகிறது, அவருக்கும் தெரியாது.

விலக்கு ஏதும் உண்டா என்று நினைப்பீர்கள். சட்டம் தந்த விலக்கு ஒன்றுதான்: 2019 மார்ச் கடைசியில் மசோதா வந்தபோது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள், அதே நிர்வாகத்தில் அதே பதவியில் இருக்கும்வரை பழையபடி அணியலாம். அதிபராக உயர்ந்தால் அதுவும் போச்சு. புதிதாகச் சேரும் உங்களுக்கு அந்தக் கதவு இல்லை. மற்ற வேலைகளில் "எனக்காகக் கொஞ்சம் ஒத்துப்போங்கள்" என்று கேட்கும் உரிமை இருக்கிறதே, அதையும் இந்தத் தடை விஷயத்தில் சட்டமே அடைத்துவிட்டது.

உங்கள் தோழி சொன்ன "கலாசாரம்" வழிக்கு இந்த மாகாணத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. கியூபெக் சட்டமன்றத்தில் சபாநாயகர் நாற்காலிக்கு மேலே 1936இல் ஒரு சிலுவையை மாட்டினார்கள். சிறுபான்மையினரின் சமய வழக்கங்களுக்கு எவ்வளவு இடம்கொடுப்பது என்று ஆராய்ந்த பூஷார்–டெய்லர் ஆணைக்குழு 2008இல் அதைக் கழற்றச் சொன்னபோது, மன்றம் ஒருமனதாக மறுத்தது. அது மதமல்ல, எங்கள் மரபு என்றார்கள். பிறகு ஆசிரியைகளின் தலைத்துணியைத் தடுக்கும் சட்டம் வந்ததும், வேறு வழியில்லாமல் 2019 ஜூலையில் சிலுவையையும் இறக்கினார்கள். ஆக, மரபு என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு.

அலங்காரத்துக்காகத்தான் பொட்டு வைக்கிறீர்கள் என்றால் அதைத் தாராளமாகச் சொல்லுங்கள், அது உண்மை. சாமி கும்பிட்டு வைத்துக்கொண்டு போய், கேட்டால் "இது ஃபேஷன்" என்று சொல்ல வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. 2021 டிசம்பரில் செல்சி என்ற ஊரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவரை, ஹிஜாப் அணிந்ததற்காக வகுப்பறையிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றினார்கள். மாற்றிக் கொடுத்த வேலை, பன்முகத்தன்மை பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் திட்டம்! அவருக்கோ தலைப்பாகை கட்டிய சீக்கிய இளைஞருக்கோ "கலாசாரம்" என்று நழுவ வழியில்லை. நாங்கள் நழுவலாம். நழுவுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் "நாங்கள் அவர்களைப் போல இல்லை" என்று சொல்லி நழுவ வேண்டாம்.

இந்தச் சட்டத்தை ஆதரிக்கும் பிரெஞ்சுக்கார ஆசிரியை ஒருவர் ஓய்வறையில் உங்கள் பக்கத்தில் இருப்பார், அவரை இனவாதி என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டிவிடாதீர்கள். 1960கள் வரை இங்கே பள்ளியும் ஆஸ்பத்திரியும் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. பிள்ளை பெறுவது முதல் புத்தகம் படிப்பது வரை பாதிரியார் தலையிட்ட காலத்தை அவருடைய தாயோ பாட்டியோ சொல்லிக் கேட்டிருப்பார். அந்தக் கோபம் உண்மையானது. திருச்சபை மீதிருந்த அந்தக் கோபத்துக்கு இன்று விலை கொடுப்பவர்கள் வந்தேறிகளின் மகள்மார் என்பதுதான் என் வழக்கு.

நீதிமன்றம் காப்பாற்றாதா என்றால், அங்கேதான் சிக்கல். கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவு, மத சுதந்திரம், சமத்துவம் உள்ளிட்ட சில உரிமைகளை மீறி ஒரு மாகாணம் சட்டம் இயற்ற இடம் தருகிறது. 21ஆம் இலக்கச் சட்டமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கியூபெக் 2024இல் புதுப்பித்தும் விட்டது. 2021இல் கியூபெக் உயர் நீதிமன்றம், பள்ளிகளில் ஆங்கிலப் பள்ளி வாரியங்களுக்கு மட்டும் விலக்குத் தந்தது. 2024 பெப்ரவரி 29இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் பறித்தது. 2025 ஜனவரியில் கனடிய உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க ஒப்புக்கொண்டது. இது உங்கள் பொட்டோடு நிற்கிற விஷயமும் அல்ல: பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பால் அடையாளத்துக்கு ஏற்பப் பெயரை மாற்றிக்கொள்ளும் விஷயத்தில் சஸ்காச்சுவான் மாகாணம் 2023இலும், ஆசிரியர் வேலைநிறுத்தத்தை முடிக்க அல்பேர்ட்டா 2025இலும் இதே பிரிவைத்தான் எடுத்தன. தீர்ப்பு எப்படியும் அமையலாம். அதை நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் இவர் சொல்லும் ரொறன்ரோவுக்கு வருவோம். ஒன்ராறியோவில் பொட்டோடு வகுப்பெடுக்கலாம், உண்மை. சீக்கியர்கள் ஹெல்மெட் இல்லாமல் தலைப்பாகையோடு மோட்டார் சைக்கிள் ஓட 2018இல் விலக்குக் கொடுத்த மாகாணம் அது. ஆனால் அங்கே இன்னொரு கூத்து நடக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிகள் முழுக்க அரசுப் பணத்தில் ஓடுகின்றன, 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொடுத்த பாதுகாப்பு அது. எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படிக்கிறார்கள். ஆசிரியராகச் சேரப் போனால் பெரும்பாலும் பங்குத்தந்தையின் கடிதம் கேட்பார்கள். அப்படியான பாதுகாப்பைக் கியூபெக் 1997இல் தானாகவே கைவிட்டது. ஆகவே அங்கே மதமே குறுக்கே வராது என்று எண்ணிக்கொண்டு வீட்டை விற்றுவிடாதீர்கள். வேறு காரணத்துக்காக ரொறன்ரோவுக்குப் போக ஆசை இருந்தால் போங்கள்.

மாமி விஷயம். அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், மரியாதையாகத்தான்: நீங்கள் வேலைக்குப் போன காலத்தில் ஒன்பது பவுண் தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டா போனீர்கள்? இங்குள்ள எங்கள் பெண்களில் அநேகம் பேருடைய கொடி வங்கிப் பெட்டகத்தில் தூங்குகிறது, கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வெளியே வரும். அதனால் யாருடைய புருசனுக்கும் ஆயுள் குறையவில்லை. ஆனால், கழற்றுவது உங்களுக்கே மனம் ஒப்பாத காரியம் என்றால் அது மாமியின் பிடிவாதம் அல்ல, உங்கள் நம்பிக்கை. அப்போது 2019 சட்டம் தொடாத பல்கலைக்கழகம், கல்லூரி, தனியார் பள்ளிப் பக்கம் பாருங்கள். அரசு இந்த எல்லையை விரித்துக்கொண்டே போகிறது, அதனால் விண்ணப்பிக்கும் நாளில் எது எதற்குள் வருகிறது என்று மறுபடி விசாரியுங்கள்.

அரசுப் பள்ளிதான் என்று முடிவெடுத்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்பே, நீங்கள் அணியும் சங்கிலியையும் பொட்டையும் விவரித்துப் பிரெஞ்சில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அனுமதி உண்டா என்று கேளுங்கள். வாயால் "பரவாயில்லை, வாங்கோ" என்று சொல்லும் அதிபர் அடுத்த வருசம் மாறிப்போவார். பதில் எழுத்தில் வரட்டும். வந்ததும் அதன் பிரதியோடு ஆசிரியர் தொழிற்சங்கத்தில் ஒருவரைப் பாருங்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குக்குப் போனவர்களில் ஆசிரியர் சங்கமும் உண்டு, இப்படியான கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல.